புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் படித்த மருத்துவர்கள் பணிக்கு இன்னும் தயாராக வருவார்களா?

இந்தியாவில் 2019-இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து எம்.பி.பி.எஸ். படிப்புக்குத் திறன்சார் பாடத்திட்டம் வந்தது. ஒருவருக்கு என்ன தெரியும் என்பதோடு, என்ன செய்யத் தெரியும் என்றும் சோதிப்பதே அதன் அடிப்படை.

பழைய முறையில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கூடப் பயிற்சி மருத்துவரான முதல் இரவில் நரம்பில் ஊசி ஏற்றத் திணறுவதுண்டு. முதலாண்டு முழுக்க உடற்கூறியலும் உடலியங்கியலும் உயிர்வேதியியலும்தான். நோயாளியைப் பார்ப்பது பிறகு. இப்போது முதலாண்டிலேயே வார்டுக்குப் போகிறார்கள், பொம்மையில் கை பழகுகிறார்கள், செய்தவை பதிவேட்டில் ஏறுகின்றன. நோயாளியிடம் பேசுவதும் ஒப்புதல் பெறுவதும் 'ஏட்காம்' (மனப்பான்மை, நெறிமுறை, தகவல்தொடர்பு) என்ற பெயரில் பாடமாகவே இருக்கின்றன. மிகப் பெரிய மாற்றமாக நான் நினைப்பது இதைத்தான். கெட்ட செய்தியைக் குடும்பத்தாரிடம் எப்படிச் சொல்வது என்பதும் கற்றுத்தர வேண்டிய திறன்தானே!

பொம்மையில் கை பழகிவிட்டு நோயாளியிடம் போவது, தையல் பழகுபவர் கழிவுத் துணியில் வெட்டிப் பார்த்து, பிறகு ஆசிரியர் பக்கத்தில் நிற்க வாடிக்கையாளர் துணியில் கத்தரி வைப்பதுபோலத்தான்.

ஆனால் ஆசிரியர் குறைவாக உள்ள கல்லூரியில் பதிவேடு வெறும் கையெழுத்தாகிவிடும். பயிற்சி ஆண்டை முதுநிலை நுழைவுத் தேர்வு விழுங்குவதும் தொடர்கிறது.

'தயார்' என்றால் எல்லா நோய்க்கும் தனியாகவே சிகிச்சை தருவார் என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் வரும் நோயாளியைப் பாதுகாப்பாகக் கவனித்து, எப்போது மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்று அறிந்திருப்பதையே பாடத்திட்டம் எதிர்பார்க்கிறது.