கச்சேரிக்குப் போனவர்கள்

கேள்வி: இரானில் பரஸ்தூ அகமதி என்ற பாடகி முக்காடு இல்லாமல் கச்சேரி செய்து கைதானாரே! பழமையில் ஊறிய முஸ்லிம் சமூகத்துப் பெண் பிரபலங்களுக்கே இருக்கும் துணிச்சல், நம் ஊர் நட்சத்திரங்களுக்கு ஏன் இல்லை?
– பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: 'கச்சேரி' என்று எழுதினீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு டிகிரி காபி வாங்கித் தரலாம். இந்தப் பக்கத்துக்குப் பல வருஷமாகத் தபால் அட்டை போடும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். 'இன்னிசை அரங்கு' என்று எழுதாவிட்டால் சந்தாவை நிறுத்திவிடுவேன் என்பார். இன்னும் நிறுத்தவில்லை. ஐயா, இந்த ஒரு சொல்லை மட்டும் நான் விட்டுத்தர மாட்டேன். வடக்கே 'கச்சஹரி' என்றால் கோர்ட்டு. அங்கிருந்து இறங்கி நம்மிடம் வந்தது. என் பாட்டி வாயில் போலீஸ் ஸ்டேஷன் கடைசிவரை போலீஸ் கச்சேரிதான். யாழ்ப்பாணத்தில் இன்றும் மாவட்டச் செயலகத்தைக் கச்சேரி என்பார்கள். அங்கே போய் "இண்டைக்குக் கச்சேரி இருக்கா?" என்று கேட்டால் "ஓம்" என்பார்கள். நம்பி உள்ளே போனால் தம்பூரா இருக்காது, கோப்புதான் இருக்கும்.

பரஸ்தூ கதைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் பாரசீகத்திலேயே அகப்படாது. கச்சேரி செய்தார், கச்சேரிக்கு அழைத்துப் போனார்கள்.

2024 டிசம்பர் 11. அந்தக் காலத்து வணிகர்கள் ஒட்டகங்களோடு தங்கிப்போன பழைய சத்திரம் ஒன்று. கையில்லாத நீளக் கறுப்பு உடையில், கூந்தலை மறைக்காமல் நின்று பாடினார். கூட வாசித்தவர்கள் 4 ஆண்கள். எதிரே ரசிகர் என்று ஒருவர்கூடக் கிடையாது. 'கற்பனைக் கச்சேரி' என்று அவரே பெயர் வைத்து யூடியூபில் ஏற்றினார். மறுநாளே நீதித்துறை வழக்குப் போட்டது. 14ஆம் தேதி மாசந்தரான் மாகாணத்தில் கைது; பிறகு விட்டார்கள்.

டிசம்பர் மாதம், ஆளில்லாத கச்சேரி என்றதும் எனக்குச் சென்னை ஞாபகம் வந்துவிட்டது. மதியம் 1 மணிக் கச்சேரிக்குப் போயிருக்கிறீர்களா? மேடையில் 4 பேர். கீழே பாடகியின் அம்மா, வயலின்காரப் பையனின் அப்பா, ஏசிக்காக ஒதுங்கிய ஒரு பெரியவர். மற்ற ரசிகர்கள் எல்லாம் பின்பக்கம் கேன்டீனில், கீரை வடை இரண்டாம் ஈடு வரட்டும் என்று காத்திருப்பார்கள். இதை ஒரு தடவை எழுதப்போய், ஒரு சபாக் காரியதரிசி எனக்கு அனுப்பிக்கொண்டிருந்த சீசன் டிக்கெட்டை நிறுத்திவிட்டார். என் மனைவி அவரை இன்னும் மன்னிக்கவில்லை. என்னையும்தான். இரான் அரசுக்கு என் யோசனை: பெண் குரல் ஆண் காதில் விழக்கூடாது, அவ்வளவுதானே? அதற்குச் சட்டம், போலீஸ், ஜாமீன் எல்லாம் எதற்கு? நல்ல கேன்டீன் ஒன்று போதும்.

விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அந்தக் காதுதான். முக்காட்டை மட்டும் பார்த்தீர்கள். பெண்கள் மட்டும் இருக்கும் அரங்கில் அங்கே ஒரு பெண் பாடலாம். கோரஸில் கூட்டத்தோடு கூட்டமாகப் பாடலாம். ஆண்கள் முன்னால் தனிக்குரலாகப் பாடுவதற்குத்தான் தடை. பரஸ்தூ முக்காடு போட்டுக்கொண்டு பாடியிருந்தாலும் தப்பு தப்புதான்.

இவரும் முதல் ஆளில்லை. சரியாக 100 வருஷம் முன்னால், 1924இல், தெஹ்ரான் லாலேஜார் தெருவில் கிராண்ட் ஹோட்டல் மேடையில் கமருல் முலூக் வஜிரி என்ற பெண் முக்காடு இல்லாமல் ஆண்கள் நிறைந்த சபையில் பாடினார். அன்று 20 வயதுகூட நிரம்பியிருக்காது. தாய் தகப்பன் இல்லாத அந்தப் பிள்ளையை வளர்த்தது பாட்டி. பாட்டி பெயர் கைருன்னிசா. நம் காயல்பட்டினத்திலோ நாகூரிலோ அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவில் நாலு வீட்டுக் கதவு திறக்கும். அந்த அம்மாள் என்ன தொழில் செய்தார் தெரியுமா? நபியின் பேரர் ஹுசைன் கர்பலாவில் கொல்லப்பட்ட துயரத்தைப் பெண்கள் கூடும் இடங்களில் ராகம் போட்டு ஓதுவது. பேத்தி கூடவே போய் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுக் குரல் வந்தது. அப்புறம் ராகப் பாடம் சொல்லித்தந்த மொர்தெசா நெய்தாவூத் ஒரு யூதர். 'பழமையில் ஊறிய' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்களே, அதனால் சொல்கிறேன். அந்தப் பழமையில்தான் இந்தக் குரலும் ஊறியது.

கமரைப் போலீஸ் கூப்பிட்டு, இனி முக்காடில்லாமல் பாடுவதில்லை என்று எழுதி வாங்கியது. எழுதிக் கொடுத்தார். பாட்டை நிறுத்தவில்லை. இசைத்தட்டு, பிற்பாடு தெஹ்ரான் வானொலி என்று கொடிகட்டிப் பறந்தார். வந்த பணத்தை எல்லாம் இல்லாதவர்களுக்கு வாரி விட்டுவிட்டு 1959இல் ஏழையாகச் செத்தார்.

நடுவில் 1936இல் மன்னர் ரேஸா ஷா ஒரு கூத்து செய்தார். முக்காடே கூடாது என்று ஆணை! தெருவில் போன பெண்களின் தலையிலிருந்து போலீஸ்காரர்கள் துணியை உருவினார்கள். மானத்துக்கு அஞ்சி எத்தனையோ பெண்கள் வீட்டை விட்டே வெளியே வரவில்லை. 1979இல் மன்னராட்சி போய் மதகுருமார் ஆட்சி வந்தது. 1983இல் முக்காடு இல்லாவிட்டால் கசையடி என்று சட்டம். உருவியதும் கச்சேரி, போர்த்தியதும் கச்சேரி. 1970களில் இரானே தலையில் வைத்துக் கொண்டாடிய பாடகி கூகூஷ், 1979க்குப் பிறகு உள்நாட்டிலேயே 21 வருஷம் மேடை ஏறாமல் இருந்தார். மறுபடி ரசிகர்கள் முன்னால் பாடியது 2000இல், அதுவும் கனடாவில்.

துணிச்சலுக்கு வருவோம். பரஸ்தூவோடு வாசித்தவர்களில் 2 பேரையும் பிடித்துப் போனார்கள். பெண்ணுக்குப் பக்கவாத்தியம் வாசித்ததற்குக் கச்சேரி ஏறிய ஆண்கள்! அவர்களைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரு வார்த்தை இல்லை. இங்கே 'பெண் பாட்டுக்கு வாசிக்க மாட்டேன்' என்று வைராக்கியமாக இருந்த பெரிய மிருதங்க வித்வான்கள் உண்டு. வாசிக்கக் கூடாது என்று அவர்களை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அந்த வைராக்கியம் சங்கீத உலகில் பெருமையாகவே பேசப்பட்டது.

நம் நட்சத்திரங்கள் எதை எதிர்த்துத் துணிய வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள்? வரதட்சணையையா, சாதியையா, படப்பிடிப்பில் கைவைக்கும் தயாரிப்பாளரையா? கடைசியாகச் சொன்னதைப் பற்றி வாய் திறந்த பெண்களுக்கு இங்கே என்ன நடந்தது என்று உங்களுக்கும் தெரியும். அவர்களுக்காக நீங்களும் நானும் ஒரு தபால் அட்டைகூடப் போடவில்லை.

கடிதத்தின் அடியில் 'என் பெயரைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம்' என்று சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தீர்கள். வெளியிடவில்லை.