ஒன்றேகால் வேகத்தில் சஹானா

அன்புள்ள ஐயா,

சில மாதங்களாகத்தான் கர்நாடக இசை கேட்டுப் பழகுகிறேன். எம்.டி.ராமநாதன் பாடிய சஹானா ஒன்றைக் கேட்டபோது காரணமே தெரியாமல் அழுகை வந்தது. செல்பேசியில் ஒரு செயலி இருக்கிறது. அது அந்தப் பதிவை ‘மேஜர்’ என்கிறது. மேஜர் என்றால் மகிழ்ச்சி என்று படித்திருக்கிறேன். அப்படியானால் நான் கேட்பதில் தவறா? பாட்டு மிக மெதுவாகப் போவதால் இப்போதெல்லாம் 1.25 வேகத்தில் கேட்கிறேன். சுருதி மாறுவதில்லை என்பதால் பரவாயில்லை என்று நினைக்கிறேன். பழைய இசைத்தட்டுகளில் மட்டும் எல்லோரும் ஏன் அவ்வளவு வேகமாக, அவ்வளவு உச்சத்தில் பாடுகிறார்கள் என்றும் சொல்லுங்கள்.

*

அன்புள்ள நண்பருக்கு,

சஹானா கேட்டு அழுதேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். காலப்பிரமாணத்தை, அதாவது பாட்டு நடக்கிற வேகத்தைப் பற்றி நானும் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் சரியாக அந்த இடத்தில் வந்து தொட்டது.

மேஜர், மைனர் என்கிற மேற்கத்திய ஸ்வர வகைக் கதையை விட்டுவிடுங்கள். நீலாம்பரி, அடாணா இரண்டையுமே 29வது மேளமான, அதாவது தாய் ராகமான தீரசங்கராபரணத்தில் பிறந்த ஜன்யங்களாகத்தான் சொல்வார்கள். ஒன்று தாலாட்டு ராகம். மற்றது சாய்ந்து உட்கார்ந்திருப்பவரை நிமிர வைக்கும். தாய் மேளம் ஒன்று என்பதால் குணமும் ஒன்றாகிவிடுமா? சுருதியும் அப்படித்தான். பாடுகிறவரின் தொண்டைக்கு எது இசைகிறதோ அது. சுருதியின் உயரத்தைக் கட்டை என்று அளப்பார்கள். ஒரே ராகத்தை ஒருவர் ஒரு கட்டையிலும் இன்னொருவர் ஐந்து கட்டையிலும் பாடலாம், ராகம் ராகமாகவே இருக்கும். உங்கள் அழுகைக்குச் செயலியிடம் அனுமதி கேட்காதீர்கள்.

ஆனால் அந்த 1.25. அதை என்னால் சும்மா விட முடியவில்லை.

சுருதி மாறவில்லை என்று சமாதானம் சொல்கிறீர்கள். சுருதி மாறவில்லை, சரி. கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, என்ன ஆயிற்று என்று கேட்டீர்களா? தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓர் இடத்தில் நிற்கிற ஸ்வரமே இல்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருப்பது. அந்த ஆட்டத்துக்கு நேரம் வேண்டும். எவ்வளவு நேரம் என்பதைப் பாடுகிறவரின் மூச்சும் அவர் எடுத்துக்கொண்ட காலப்பிரமாணமும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

என் பெரியம்மா வீணை சொல்லிக்கொடுத்தவர். வர்ணம் என்கிற உருப்படியை இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில் வாசிக்கும்போது பிள்ளைகள் முதல் காலத்தின் அசைவுகள் அத்தனையையும் அப்படியே திணிக்கப் பார்ப்பார்கள். பெரியம்மா மீட்டுகிற கையைப் பிடித்து நிறுத்திவிடுவார். “விரலை ஓட்டாதே, அசைவைக் குறை” என்பார். முதல் காலத்தில் இரண்டு மூன்று முறை ஆடிய ஸ்வரம் இரண்டாம் காலத்தில் ஒரு முறை ஆடும், சில இடத்தில் தொட்டுவிட்டுப் போய்விடும். வேகம் கூடும்போது பாட்டின் உடம்பே மாறுகிறது. நல்ல வித்வான் எவரும் அதே கமகங்களை நெருக்கியடித்து வேகமாகப் பாடுவதில்லை. வேறு கமகம் பாடுகிறார்.

இயந்திரத்துக்கு இது தெரியாது. ஒரு நொடி எடுத்த அசைவை முக்கால் நொடி சொச்சத்தில் அடக்கிவிடுகிறது. அசைவின் எண்ணிக்கை குறையவில்லை, ஒவ்வொன்றும் நசுங்கியிருக்கிறது. நீங்கள் கேட்பது வேகமான ராமநாதன் இல்லை. அது யாருமே, என்றுமே பாடாத ஒரு பாட்டு. சஹானா மாதிரி கமகமே உயிராக இருக்கிற ராகத்தில் அப்படிச் செய்வது, சொல்வதற்கே வருத்தமாக இருக்கிறது, அதன் முகத்தைக் கசக்குவது.

வேகம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் கதனகுதூகல ராகக் கிருதியை நிதானமாகப் பாடினால் சோர்ந்துவிடும். அதில் ஸ்வரங்கள் பெரும்பாலும் அசையாமல் நின்று, தாவித் தாவிப் போகின்றன. அதற்கு ஓட்டம்தான் அழகு. ஒவ்வொரு ராகத்துக்கும் ஒவ்வொரு கிருதிக்கும் ஒரு நடை இருக்கிறது. டைகர் வரதாச்சாரியாரின் சீடரான ராமநாதன் தனக்கென்று எடுத்துக்கொண்ட நடை விளம்பம், மெதுவான காலம்; குரலும் கீழ்ச்சுருதிக் குரல். இழுக்கிறார் என்று சொல்கிறவர்கள் கையில் தாளம் போட்டுப் பார்க்கட்டும். இழுப்பது என்றால் எடுத்த காலம் நடுவில் தளர்வது. அவருடைய காலம் தளராது. ஒரு சொல்லைப் பாடிவிட்டு அடுத்த சொல் வரும்வரை விடுகிற அந்த இடைவெளியில் உங்கள் அழுகை இருந்தது. அதைத்தானே 1.25 போட்டுச் சுருக்கிவிட்டீர்கள்!

பழைய தட்டுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிடம்தான். அதற்குள் பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் முடிய வேண்டும், ஓடினார்கள். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளில் பாடிப் பழகிய தொண்டைகள் உச்சத்தில் நின்றன. அப்புறம், தட்டு எந்த வேகத்தில் சுழன்றது என்பதும் இருக்கிறது. நிமிடத்துக்கு 78 சுற்றில் பதிவானதை 82½ சுற்றில் ஓட்டிப் பிரதி எடுத்தால் சுருதி அரைக் கட்டை அளவுக்கு ஏறிவிடும், 3 நிமிடப் பாட்டு பத்து நொடி முன்னதாகவே முடிந்துவிடும். 78 என்று எழுதியிருந்த தட்டுகள்கூட எல்லாம் சரியாக 78இல் பதிவானவை அல்ல. ஆகவே பழைய பதிவில் செயலி காட்டுகிற கட்டையையும் வேகத்தையும் பாடகர் மேல் ஏற்றாதீர்கள்.

வேகத்தை ஒன்றுக்குத் திருப்புங்கள். அதே சஹானாவைத் தாளம் போட்டுக்கொண்டு கேளுங்கள். அனுபல்லவியில் எந்த இடத்தில் கை காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.