பொன்னாடைக்கு முன்னால் ஒரு பதிவேடு

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவில் வன்னியின் கண்டுபிடிப்பாளர்களைக் கௌரவிக்கலாம் என்று தீர்மானித்தோம். பட்டியல் போட உட்கார்ந்தால் இரண்டு பொறியியலாளர்களின் பெயருக்கு மேல் நகரவில்லை. கராச்சில் வேலை செய்பவர்களையும் சேர்க்கலாமே என்றார் ஒருவர். அவர்களைக் கண்டுபிடிப்பாளர் என்பது மிகை இல்லையா?
— வாசகர் ஒருவர், முள்ளியவளை

பதில்: மிகையே இல்லை. பட்டியல் இரண்டு பெயரோடு நின்றதற்குக் காரணம், யாரிடம் பட்டம் இருக்கிறது என்று தேடியதுதான். யார் எதைச் செய்தார் என்று தேடியிருந்தால் உங்களுக்கு ஒரு கொப்பி போதாமல் போயிருக்கும்.

1990ஆம் ஆண்டு ஆனி மாதம் அரச படைகளுக்கும் புலிகளுக்கும் இடையே சண்டை மறுபடி மூண்டது. அதன்பின் வந்த பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, பற்றரி இல்லை, சீமெந்து இல்லை, உரம் இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து கிடைத்தது. 2002 சித்திரையில் ஏ-9 பாதை திறக்கும்வரை பெரும்பாலும் இதுதான் நிலைமை. அந்தக் காலத்தில் வன்னியில் மோட்டார் சைக்கிள் ஓடியது, றேடியோ பாடியது, பிள்ளைகள் இரவில் படித்துச் சோதனை எழுதினார்கள். இதெல்லாம் தானாக நடந்ததா?

மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் சரியாக ஆவியாகாது. பெற்றோல் எஞ்சினில் அதை ஊற்றி உதைத்தால் கால்தான் நோகும். ஆகவே நம் ஆட்கள் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் கொஞ்சம் பெற்றோலைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள். காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பீச்சி ஒரு உதை உதைத்தால் எஞ்சின் பிடித்துவிடும். சூடேறியபின் மண்ணெண்ணெயிலேயே ஓடும். புகை கக்கும், பிளக் கரி பிடிக்கும், இடையில் நின்றால் மறுபடி போத்தலை எடுக்க வேண்டும். ஆனாலும் பிள்ளைப்பேற்றுக்கு வலி கண்டவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்தது அந்த வாகனம்தான். எந்த எஞ்சின் இதைத் தாங்கும், எது தாங்காது, எங்கே எதை மாற்ற வேண்டும் என்று கராச்சில் குந்தியிருந்து கழற்றிப் பூட்டிப் பார்த்தவர்கள் செய்தது பரிசோதனை இல்லாமல் வேறென்ன?

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்தில் செய்தி கேட்டோமே, அதையும் எழுதுங்கள். சவர்க்காரம் இல்லாதபோது பனங்களியில் உடுப்புத் தோய்க்கும் பழைய முறையைத் திரும்ப எடுத்துக்கொண்ட பெண்களை மறந்துவிடாதீர்கள். கண்டுபிடிப்பாளர் என்றவுடன் ஆண்களின் முகம் மட்டுமே கண்ணுக்குள் வருவது நமக்கு ஒரு வழக்கமாகிவிட்டது.

ஜாம் போத்தல் விளக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போத்தலின் அடியில் பஞ்சு. அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். நடுவில் ஒரு மெல்லிய திரி. போத்தலின் சுவரே காற்றுக்கு மறைப்பு. கொஞ்சம் எண்ணெயில் நெடுநேரம் எரியும். தட்டுப்பட்டாலும் எண்ணெய் ஓடி வராது, பஞ்சு பிடித்து வைத்திருக்கும். சாதாரண தரப் பரீட்சைக்கும் உயர்தரத்துக்கும் அந்த வெளிச்சத்தில் படித்தவர்கள் இன்று அதிபர்களாகவும் டொக்டர்களாகவும் இருக்கிறார்கள். அந்தப் பஞ்சை முதலில் வைத்த கை எது? யாருக்கும் தெரியாது.

இதே இலங்கையில், இதே தொண்ணூறுகளில், இன்னொரு விளக்கு பிறந்தது. சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குப்பி விளக்குச் சரிந்து எரிகாயப்பட்டு வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல், ‘சுதீப’ என்ற பாதுகாப்பு விளக்கை வடிவமைத்தார். குட்டையான, கனமான கண்ணாடி. இரண்டு பக்கம் தட்டை, ஆகவே சரிந்தாலும் உருளாது. மூடி திருகு மூடி, ஆகவே எண்ணெய் கொட்டாது. அந்த வேலைக்கு 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. முழுக்க முழுக்கத் தகுதியான விருது. அவருடைய விளக்குக்குப் பெயர் இருக்கிறது, வடிவம் இருக்கிறது, வரலாறு இருக்கிறது. நம்முடையதற்கு நினைவு மட்டும் இருக்கிறது. அந்த நினைவை வைத்திருப்பவர்களுக்கும் வயதாகிறது. 1990இல் முப்பது வயதில் பட்டறை வைத்திருந்தவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்.

கராச்காரரைச் சேர்ப்பதா என்று தயங்குகிறீர்கள். ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் காலைப் பற்றிச் சொல்கிறேன். நம் வன்னியில் அந்தக் காலைப் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்குபவர்கள் எத்தனையோ பேர். சப்பாத்து இல்லாமல் நடக்கலாம், குந்தலாம், வயலுக்குப் போகலாம் என்பதுதான் அதன் சிறப்பு. 1960களின் பிற்பகுதியில் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் அதை உருவாக்கியவர்களில் ஒருவர் எலும்புச் சிகிச்சை நிபுணர் பி. கே. சேத்தி. இன்னொருவர் ராம் சந்திர சர்மா. பெரிய படிப்பு இல்லாத கைவினைஞர். ரயர்க் கடையில் ரப்பரை வேகவைத்து ஒட்டும் முறையைக் கால் செய்வதற்குக் கொண்டுவந்த கை அவருடையது. 1981இல் மகசேசே விருது சேத்திக்குக் கிடைத்தது. டொக்டரின் பங்கு பெரியதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஊர்க் கூட்டத்தில் ‘இதைக் கண்டுபிடித்தது யார்’ என்று கேட்டுப் பாருங்கள், கைவினைஞரின் பெயர் ஒருவர் வாயிலும் வராது. நீங்கள் போட்ட பட்டியலிலும் நடந்திருப்பது இதுதான்.

போர் முடிந்த சில ஆண்டுகளில் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் பார்த்த மண்வெட்டி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தோட்டக்காரருக்கு இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. மண்வெட்டிப் பிடியின் நடுப்பகுதியில், தண்ணீர்க் குழாயில் அறுத்தெடுத்த ஒரு வளையத்தைப் பொருத்தியிருந்தார். அதன் உட்புறம் சைக்கிள் ரியூப் நாடா இறுக்கமாகச் சுற்றியிருந்தது. எஞ்சிய கையை வளையத்துக்குள் விட்டால் அது பிடியைத் தாங்கும், வலது கை ஓங்கும். முதலில் வளையம் பிடியோடு அசையாமல் இருந்ததாம்; தோல் உரிந்து புண்ணாகிவிட்டதாம். பிறகு ஒரு ஆணியை அச்சாக வைத்து, வளையம் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆடும்படி மாற்றியிருக்கிறார். பிரச்சினை, முயற்சி, பிழை, திருத்தம். பல்கலைக்கழகத்தில் வடிவமைப்பு என்று படிப்பிப்பது இதைத்தான். அவர் அன்று வரிசை வரிசையாக மிளகாய்க்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பாரம்பரியத்துக்கு வயது முப்பது நாற்பது ஆண்டுகள் மட்டும் அல்ல. ஹென்றி பார்க்கர் என்ற ஆங்கிலேய நீர்ப்பாசனப் பொறியியலாளர், வவுனிக்குளம் உட்படப் பழைய குளங்களை ஆராய்ந்து 1909இல் எழுதினார். குளத்து நீரின் அழுத்தத்தை அடக்கித் துருசு (மதகு) வழியாகத் தண்ணீரை அளவாக விடும் அடைப்புக் கிணற்றை முதலில் கண்டுபிடித்தவர்கள் இத்தீவின் பண்டைய பொறியியலாளர்கள் என்பது அவர் முடிவு. ஐரோப்பாவில் அது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பரவலானது. குளம் இன்றும் வயலுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. அந்தக் கிணற்றை யோசித்தவரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய அந்தப் பெயரை இனி மீட்க முடியாது. உங்கள் பக்கத்து ஒழுங்கையில் இருப்பவரின் பெயரை இன்றைக்கே எழுதலாம்.

இனி விழாவுக்கு வருகிறேன். பொன்னாடை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பொன்னாடையை மடித்து அலுமாரியில் வைத்த மறுநாள் அவருக்கு என்ன மிஞ்சுகிறது? முதலில் ஒரு பதிவேடு திறவுங்கள். யார், எந்த ஊர், எந்த ஆண்டளவில், என்ன தேவைக்காக, எந்தப் பொருட்களைக் கொண்டு, எப்படிச் செய்தார் என்று அவர் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். பொருள் இருந்தால் படம் எடுங்கள். 2009இல் பட்டறையோடு எல்லாமே போய்விட்டது என்பார்கள். அப்படியானால் ஒரு தாளில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். கிளிநொச்சியின் அறிவியல் நகர் என்ற இடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. மாணவர்களைக் கூப்பிடுங்கள். அவர்கள் அளவெடுத்து முறைப்படி வரைந்து தரட்டும். விழாவன்று அந்த மாணவர்கள் மேடைக்குக் கீழே இருக்கட்டும், பட்டறைக்காரர் மேடையில் இருக்கட்டும்.

இன்றும் புதிதாகச் செய்துகொண்டிருப்பவர்களுக்கு வேறொரு உதவி தேவை. களை பிடுங்கும் கருவியோ விதை இடும் கருவியோ செய்தவரைக் கண்காட்சிக்கு இழுத்து வந்து, எல்லோருக்கும் காட்டச் சொல்லி, முகநூலில் போட்டு, கடைசியில் வேறொருவர் அதைச் செய்து விற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது கௌரவம் ஆகாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி கண்டுபிடிப்புக்கான ஆக்கவுரிமை (பேற்றன்ற்) 20 ஆண்டுகளுக்கு உண்டு. விண்ணப்பிக்கும்போது அது புதியதாக இருக்க வேண்டும். செய்தவர் தானே வெளியில் காட்டியிருந்தால், காட்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். கண்டுபிடிப்பாளர்களை ஊக்குவிக்க 1979இலேயே சட்டம் வந்து, அதன்கீழ் ஒரு ஆணைக்குழுவும் இயங்குகிறது. இந்த விவரம் கொழும்பில் இருப்பவருக்குத் தெரிந்த அளவுக்கு மாங்குளத்தில் வெல்டிங் செய்பவருக்குத் தெரியாது. படிவம் நிரப்பத் தெரிந்த ஒரு ஆசிரியரையோ உத்தியோகத்தரையோ அவரோடு கூட்டிவிடுங்கள். விழாச் செலவில் பந்தலுக்கு ஒதுக்கியதில் பாதியை விண்ணப்பக் கட்டணத்துக்கு ஒதுக்குங்கள்.

தேர்வுக் குழுவில் ஒரு லேத் பட்டறைக்காரரும், ஒரு கமக்காரரும், தையலோ பன்ன வேலையோ செய்யும் ஒரு பெண்ணும் இருக்க வேண்டும். அந்த மூவரும் சொல்லும் பெயர்களை முதலில் எழுதுங்கள். பதிவேட்டின் முதல் பத்துப் பக்கம் நிறைந்ததும், சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு, படங்களுடன் எங்களுக்கு அனுப்புங்கள். இதழுக்கு ஒருவர் வீதம், பெயரும் ஊரும் செய்முறையும் சேர்த்து வெளியிடுவோம்.