ஐ.சி.யூ.வில் பெண்டன்ட்: முதலில் பார்க்க வேண்டியது கூரைத் தளம்

கேள்வி: பழைய கட்டடத்தில் இயங்கும் எங்கள் எட்டுப் படுக்கை ஐ.சி.யூ.வைப் புதுப்பிக்கிறோம். தலைமாட்டுச் சுவரில் மின்சார, வாயு இணைப்புகளைத் தரும் பெட்ஹெட் பேனல்களை எடுத்துவிட்டு, அதே இணைப்புகளைக் கூரையிலிருந்து தொங்கும் சுழலும் கையில் தரும் பெண்டன்ட்களைப் பொருத்தலாமா? விற்பனையாளர்களிடம் என்ன கேட்க வேண்டும்?

பதில்: பொருத்தலாம். ஆனால் விற்பனையாளரை அழைக்கும் முன் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் கூரையைக் காட்டுங்கள்.

மூச்சுக்குழாய் செருகும்போதும் கழுத்துச் சிரையில் சென்ட்ரல் லைன் (மருந்து செலுத்தும் நீண்ட குழாய்) போடும்போதும் மருத்துவர் நோயாளியின் தலைமாட்டில் நின்றாக வேண்டும். பெண்டன்ட் இருந்தால் படுக்கையைச் சுவரைவிட்டு விலக்கிப் போட்டு அந்த இடத்தைத் தர முடியும் என்பதே அதன் முதன்மையான பயன். தரையில் வயர்கள் கிடக்காததால் துடைப்பதும் எளிதாகிறது.

சிக்கல் எடையைவிடத் திருப்புவிசையில்தான் இருக்கிறது. பெண்டன்டின் இரண்டு மீட்டர் நீளக் கையின் நுனியில் மானிட்டர், சிரிஞ்ச் பம்புகள், தட்டுகள் எல்லாமாக 100 கிலோ தொங்கினால், கையின் சொந்த எடையைச் சேர்க்காமலேயே தளத்தில் பதித்த போல்ட்டுகளின் மீது ஏறக்குறைய 2,000 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை விழுகிறது. கை சுழலச் சுழல அதன் திசையும் மாறுகிறது. ஃபால்ஸ் சீலிங் இதில் எதையும் தாங்காது. செங்கல்லும் மரச்சட்டமும் கொண்ட மெட்ராஸ் டெரஸ் கூரையில் நேரடியாகத் தொங்கவிடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். கான்கிரீட் தளமாக இருந்தாலும் அதன் தடிமன், கம்பிகள் ஓடும் இடம், மேல்தளத்திலிருந்து ஊடுருவும் போல்ட் போட வழியுண்டா என்பவற்றைப் பார்த்த பிறகே ஆங்கர் (தளத்தில் பதிக்கும் பிடிப்பு) வகையை முடிவு செய்ய வேண்டும். பொறியாளர் தயங்கினால், தூண்களிலிருந்து இரும்பு விட்டம் கொடுத்துத் தாங்கச் செய்யுங்கள். அதற்குச் செலவு கட்டாதென்றால் பேனலையே வைத்துக்கொண்டு படுக்கையை இரண்டடி முன்னே தள்ளிப் போடுவது மோசமான முடிவல்ல.

விற்பனையாளரிடம், இத்தகைய மருத்துவ இணைப்புச் சாதனங்களுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 11197க்கான சான்றைக் கேளுங்கள். மின்கம்பிகளும் வாயுக் குழாய்களும் தனித்தனி அறைகளில் ஓடுகின்றனவா என்பதைப் பெண்டன்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (மின்சாரத்தை நிலத்தொடர்பிலிருந்து பிரித்துத் தரும் மின்மாற்றி) வழியாக மின்சாரம் தந்தால், முதல் மின்கசிவு நேரும்போது அலாரம் மட்டும் ஒலிக்கும், வென்டிலேட்டர் நிற்காது.

வாயு இணைப்பில் அவசரம் கூடவே கூடாது. ஆக்சிஜன், மெடிக்கல் ஏர் ஆகிய இரண்டும் பொதுவாக ஏறத்தாழ 4 பார் அழுத்தத்தில்தான் வருகின்றன. எனவே அழுத்தமானியைப் பார்த்து எது எந்த வாயு என்று கண்டுபிடிக்க முடியாது. சிட்னியின் பேங்க்ஸ்டவுன்-லிட்காம் மருத்துவமனையில் ஆக்சிஜன் என்று குறிக்கப்பட்ட அவுட்லெட்டிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு வந்ததால் 2016இல் ஒரு பச்சிளங்குழந்தை இறந்தது, இன்னொரு குழந்தை கடுமையாகப் பாதிக்கப்பட்டது. ஆகவே ஒரு நேரத்தில் ஒரே வாயுவைத் திறந்து, எல்லா அவுட்லெட்டுகளையும் சோதித்து, ஆக்சிஜன் அளவியால் உறுதிசெய்து, மயக்கவியல் மருத்துவரும் பயோமெடிக்கல் பொறியாளரும் கையெழுத்திட்ட பிறகே நோயாளியைப் படுக்க வையுங்கள்.

கைக்குள் ஓடும் ரப்பர் குழாய்கள் சுழற்சியால் தேயும். அவற்றின் ஆண்டுச் சோதனையையும் மாற்றும் விலையையும் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். பொருத்திய பிறகு பேரம் பேச இடமிருக்காது.