சென்னையைத் தேடினால் 'சொன்னார்' வருவது ஏன்?

கேள்வி: வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் ஏஐ ஏஜென்ட்டின் நினைவுகளை எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் சேமிக்கிறேன். அதன் முழு உரைத் தேடல் வசதியான எஃப்டிஎஸ்5-இல் ஆங்கிலம் சரியாக வருகிறது. தமிழில் 'சென்னை' என்று தேடினால் 'சொன்னார்', 'சின்ன' என்ற வரிகளும் வருகின்றனவே?

பதில்: கோளாறு, உரையைச் சொற்களாகப் பிரிக்கும் டோக்கனைசரில். இயல்பாக வரும் யூனிகோட்61 என்ற டோக்கனைசர், உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணாமல் அந்த இடத்தில் சொல்லை வெட்டிவிடும். சென்னை, சொன்ன, சின்ன மூன்றுமே அதற்கு ச, ன, ன தான்! அட்டவணையை உருவாக்கும்போதே எந்த யூனிகோட் வகைகள் சொல்லின் பகுதி என்று சொல்லும் 'கேட்டகரிஸ்' அமைப்பில், ஏற்கெனவே உள்ள எல்* (எழுத்துகள்), என்* (எண்கள்), சிஓ ஆகியவற்றோடு உயிர்க்குறிகளும் புள்ளியும் அடங்கும் எம்என், எம்சி வகைகளையும் சேருங்கள். பழைய அட்டவணையில் இதை மாற்ற முடியாது. புதிதாக உருவாக்கித் தரவை மறுபடி ஏற்ற வேண்டும். 'சென்னையில்' என்பதும் சிக்க, தேடும் சொல்லின் கடைசியில் நட்சத்திரக் குறி போடுங்கள். 'மரம்' 'மரத்தில்' ஆகும் இடத்தில் 'மர*' என்று தேடினால்தான் உண்டு.

உரையாடலை அப்படியே கொட்டி வைப்பதும் வேண்டாம். ஒரு வரிசைக்கு ஒரு தகவல்: யாரைப் பற்றி, என்ன, எப்போதிலிருந்து, எதுவரை, எந்த உரையாடலில் கிடைத்தது. முகவரி மாறினால் பழையதை அழிக்காமல் 'எதுவரை'யில் தேதி போட்டுப் புது வரிசை சேருங்கள். 'எதுவரை' காலியாக உள்ள வரிசைகளில் மட்டும் தேடினால் ஏஜென்ட் பழைய முகவரியைச் சொல்லாது.