கிடங்கில் நிற்பவர்

அன்புள்ள ஐயா,

எனக்கு 29 வயது. சரக்குக் கிடங்குகளுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எத்தனை பெட்டி வந்தது, எத்தனை போனது என்ற வெறும் இருப்புக் கணக்கு. சம்பளத்துக்குக் குறைவில்லை. இதனால் உலகில் யாருக்கு என்ன பயன் என்ற கேள்விதான் இரவில் தூங்கவிடுவதில்லை. ஒரு மனிதர் வாழ்நாளில் 80,000 மணி நேரம் வேலை செய்கிறார் என்கிறார்கள். நான் 12,000 மணியை வீணாக்கிவிட்டேன். வேலையை விட்டுவிட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றில் களப்பணிக்குப் போகலாமா? அல்லது இங்கேயே இருந்து சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவந்தால் போதுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

அந்த மணிக்கணக்கை முதலில் ஓரமாக வையுங்கள். வாரத்துக்கு 40 மணி, ஆண்டுக்கு 50 வாரம், 40 ஆண்டுகள். பெருக்கல் சரிதான். அதை வைத்துக்கொண்டு இருபத்தொன்பது வயதில் ஒருவர் தூக்கத்தைத் தொலைப்பதுதான் சரியில்லை. சம்பளத்தில் பங்கு கொடுப்பதற்கு என்னைக் கேட்பானேன்? தாராளமாகக் கொடுங்கள். வாங்குகிறவர்களிடம் வரவு செலவுக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள், அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வந்தது வேறோர் இடத்தில். உங்கள் தொழிலைப் பற்றி எழுதும்போது உங்களுக்கே இருக்கும் அந்த இளக்காரம்! கொஞ்ச நாட்களாகத் தடுப்பூசி மருந்துகள் எப்படிக் கெட்டுப்போகின்றன என்று படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க வேண்டும். வெயில் பட்டால் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மஞ்சள்காமாலைக்கான ஹெபடைடிஸ் பி தடுப்பூசி உறைந்துபோனாலும் கெட்டுவிடும். உருகிய பிறகு பார்த்தால் எப்போதும்போல்தான் தெரியும். சந்தேகம் வந்தால் கிடங்குக்காரர் ஒரு சோதனை செய்வார். அதே மருந்தில் ஒரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து, உருகவிடுவார். அதையும் சந்தேகக் குப்பியையும் சேர்த்துக் குலுக்கி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். உறைந்த மருந்தில் வண்டல் சீக்கிரம் அடியில் இறங்கும். சந்தேகக் குப்பியிலும் அதே வேகத்தில் இறங்கினால் அந்தப் பெட்டியைத் தூர எறிய வேண்டியதுதான். குனிந்து வண்டலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஆளை யாரும் படம் எடுப்பதில்லை. அவர் அசட்டையாக இருந்துவிட்டால், வெளியே செவிலியர் எவ்வளவு அன்போடு ஊசி போட்டாலும் குழந்தையின் உடம்பில் ஏறுவது செத்த மருந்து.

இளம் வயதில் ஒரு வெள்ள நிவாரண முகாமில் வேலை செய்தேன். படகில் போக அடிதடி நடந்தது. மருந்து அறைக்குள் நுழைய ஆள் இல்லை. கூரைவரை பெட்டிகள், எதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. காய்ச்சல் மாத்திரை தீர்ந்துவிட்டது என்று மருத்துவர் கத்திக்கொண்டிருந்தபோது அது அறையின் மூலையில் போர்வை மூட்டைகளுக்கு அடியில் கிடந்தது. ஓய்வுபெற்ற பண்டகக் காப்பாளர் ஒருவர் வந்தார். கடுகடுப்பான மனிதர், யாரிடமும் சிரிக்க மாட்டார். ஒவ்வொரு பெட்டியையும் பிரித்துப் பார்த்து, காலாவதி மாதத்தை வாசலைப் பார்த்த பக்கத்தில் சாக்குக்கட்டியால் பெரிதாக எழுதினார். முதலில் காலாவதியாகப் போவதை முன்வரிசைக்குத் தள்ளினார். இரண்டாம் நாள் சாயங்காலத்திலிருந்து அந்த முகாமில் மருந்து இல்லை என்ற பேச்சே எழவில்லை. முகாம் முடிந்ததும் பாராட்டு விழா நடந்தது. படகுக்காரர்களுக்கு மாலை போட்டார்கள். காப்பாளரை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. எனக்கு இன்னமும் அதில் வருத்தம்தான்.

உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் காலராவில் உயிர் காக்கும் என்பது அறுபதுகளிலேயே ஆய்வாளர்களுக்குத் தெரியும். 1971இல் வங்கதேசப் போரின்போது அகதி முகாமில் நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் என்ன செய்தார்? குளுக்கோஸ் 22 கிராம், உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் என்று லிட்டருக்கு அளந்து பொட்டலம் போடச் செய்தார். அதைக் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. அறிவியல் முன்பே இருந்தது. எடைபோட்டு, கட்டி, கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஆள் வேண்டியிருந்தது.

நீங்கள் ஆறு ஆண்டுகளாகக் கற்றிருப்பது கிட்டத்தட்ட இதைத்தான். அதை வீண் என்கிறீர்கள்!

களப்பணிக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். எந்தக் களம்? அங்கே என்ன பணி? ஒரு வரிகூட இல்லை. உங்களை வாட்டுவது நோயா, பசியா, படிப்பில்லாத பிள்ளைகளா என்பதும் தெரியவில்லை. உங்கள் மனவருத்தம் மட்டும் பக்கம் பக்கமாக இருக்கிறது (வெட்டித்தான் மேலே போட்டிருக்கிறேன்). வேலையை இப்போது விட வேண்டாம். விடுமுறை எடுத்துக்கொண்டு, மருந்தோ உணவோ கொண்டுசேர்க்கும் ஓர் அமைப்பின் கிடங்கில் இரண்டு வாரம் நில்லுங்கள். ஆலோசனை சொல்லாதீர்கள், பெட்டி தூக்குங்கள். எது எங்கே தேங்குகிறது, யார் எதைத் தேடி அலைகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புகளோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். அதற்கு முன் ஒரு மருத்துவரைப் பார்த்து, தூக்கத்துக்கு வழி தேடிக்கொள்ளுங்கள்.

அன்புடன்.