உப்புத்தாளைக் கீழே வையுங்கள்

அன்புள்ள ஐயாவுக்கு,

பழைய டென்னிஸ் மட்டைகளைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்த பிறகுதான் நானும் அவற்றைத் தேடத் தொடங்கினேன். இப்போது என்னிடம் பத்துப் பன்னிரண்டு மர மட்டைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை மங்கி, கீறல் விழுந்து, நரம்பு அறுந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும் உப்புத்தாளால் தேய்த்து, புது வார்னிஷ் பூசி, ஒரே நிறத்தில் நரம்பு கட்டிச் சுவரில் மாட்டலாம் என்றிருக்கிறேன். ஒரு மட்டையில் ஜாக் கிரேமரின் கையெழுத்து இருக்கிறது. அது பெரும் விலைக்குப் போகும் என்கிறார் நண்பர். உண்மைதானா? இவற்றோடு வில்சன் டி2000 என்ற எஃகு மட்டை ஒன்றும் வந்து சேர்ந்தது. நான் மரத்தை மட்டுமே சேர்ப்பதால் அதை யாருக்காவது கொடுத்துவிட நினைக்கிறேன். இந்த மட்டைகளைக் கொண்டு இனி ஆட முடியுமா, பார்ப்பதற்கு மட்டும்தானா என்பதையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் உப்புத்தாளைக் கையில் எடுப்பதற்குள் இந்தப் பதில் வந்து சேர வேண்டுமே என்ற பதற்றத்தில், மற்றக் கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு அதை முதலில் சொல்கிறேன். தேய்க்காதீர்கள். புது வார்னிஷும் வேண்டாம்.

ஒரு மர மட்டையைப் பற்றி நாம் அறிந்துகொள்ளக்கூடியவற்றில் பெரும்பகுதி அதன் மேற்பரப்பில்தான் இருக்கிறது. தயாரித்தவரின் பெயர், மாதிரியின் பெயர், எடையைக் குறிக்கும் எழுத்து, கைப்பிடியின் சுற்றளவு, சிலவற்றில் விற்ற கடையின் பெயர்கூட அங்கே இருக்கும். இவை மரத்தில் ஆழமாகச் செதுக்கப்பட்டவை அல்ல. பெரும்பாலும் மெல்லிய ஒட்டுப்படங்கள், அவற்றின் மேல் ஒரு பூச்சு, அவ்வளவுதான். உப்புத்தாள் சில முறை போய்வந்தால் எல்லாம் போய்விடும். பிறகு உங்கள் கையில் மிஞ்சுவது பளபளப்பான, ஊர்பேர் தெரியாத ஒரு மரச் சட்டம்.

ஆடியவரின் தடங்களும் அந்தப் பரப்பில்தான் இருக்கின்றன. தலையின் உச்சியில் வார்னிஷ் உரிந்து மரம் நைந்திருந்தால், தாழ்ந்து வந்த பந்துகளை விடாமல் எடுக்கத் தரையை உரசியவர் அவர். கைப்பிடித் தோல் எங்கே கறுத்திருக்கிறது, எங்கே தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். அடிநுனிவரை இறக்கிப் பிடித்தாரா, சற்று ஏற்றிப் பிடித்தாரா என்பது புலப்படும். சேகரிப்பவர்களில் ஒரு சாரார் புத்தம்புதிது போலிருக்கும் மட்டைகளையே தேடுகிறார்கள். சந்தையில் அவற்றுக்கே விலை அதிகம். எனக்கோ, ஒரு பந்தைக்கூட அடிக்காமல் எழுபது ஆண்டுகள் உறைக்குள் இருந்த மட்டையைப் பார்த்தால் வருத்தம்தான் வருகிறது.

ஆகவே, அழகுபடுத்துவதற்கு முன்னால் உங்கள் மட்டைகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தலையின் வடிவத்திலிருந்து தொடங்கலாம். விம்பிள்டன் போட்டி 1877இல் தொடங்கியது. அந்தக் காலத்து மட்டைகள் பலவற்றின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். சுவர்களுக்கு நடுவே ஆடப்பட்ட பழைய அரங்க டென்னிஸிலிருந்து வந்த வடிவம் அது. மூலையில் தாழ்வாக வரும் பந்தைத் தோண்டி எடுக்க அந்தச் சாய்வு உதவியது. புல்தரை ஆட்டத்தில் அதற்குத் தேவை குறைவு. தலை மெல்ல மெல்ல நிமிர்ந்து, இருபுறமும் ஒத்த முட்டை வடிவமாயிற்று. சாய்ந்த தலை மட்டை உங்களிடம் இருந்தால் அதை எதுவும் செய்யாமல் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள்.

அடுத்து, கழுத்து. தலையும் தண்டும் சேரும் இடத்தில் ஓர் ஆப்புத் துண்டு பதித்திருப்பார்கள், பெரும்பாலும் மகோகனி போன்ற கருமரம். நரம்புகளை நோக்கியிருக்கும் அதன் விளிம்பு மேலே புடைத்திருந்தால், பொதுவாக, மட்டை மிகப் பழையது. உட்குழிந்திருந்தால் அதற்குப் பிந்தையது. கைப்பிடியில் தோல் சுற்றாமல் வெறும் மரத்தில் கோடுகள் கீறியிருப்பதும், அடிநுனி மீன்வாலைப் போல விரிந்திருப்பதும் முந்தைய தலைமுறையின் அடையாளங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் சட்டத்தின் பக்கவாட்டு. ஆரம்பத்தில் ஒரே ஆஷ் மரப் பட்டியை நீராவியில் வேகவைத்து வளைத்துச் சட்டம் செய்தார்கள். ஆஷ் நார் நீண்ட மரம். வளையும், அதிர்ச்சியைத் தாங்கும். ஆனால் ஒரே துண்டு மரம் ஈரத்தில் முறுக்கிக்கொள்ளும், எங்காவது பலவீனமான நார் இருந்தால் அங்கே பிளக்கும். மெல்லிய மரப் பட்டிகளைப் பசையிட்டு அடுக்கினால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும். 1931இல் டன்லப் நிறுவனம் கொண்டுவந்த மேக்ஸ்பிளை என்ற மட்டை அந்த முறையின் பெருவெற்றி. ஆஸ்திரேலிய வீரர் ராட் லேவர் அதைக் கொண்டு ஆடினார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1981இல் ஜான் மெக்கன்ரோ விம்பிள்டனை வென்றபோதும் கையில் மேக்ஸ்பிளைதான். மர மட்டையோடு அந்தப் பட்டத்தை வென்ற கடைசி ஆண் அவர். உங்களிடம் உள்ள மட்டைகளின் பக்கவாட்டை வெளிச்சத்தில் பிடித்து அடுக்குகளை எண்ணிப் பாருங்கள். வெளிர் மரமும் கருமரமும் மாறி மாறி வரும் அந்தக் கோடுகளுக்கு மேல் புது வார்னிஷ் என்ன அழகைச் சேர்த்துவிடப் போகிறது?

சுத்தம் செய்யலாம், செய்ய வேண்டும். நன்றாகப் பிழிந்த துணியால் அழுக்கைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். ஒட்டுப்படத்தின் மேல் அழுத்தாதீர்கள். நிறமற்ற மெழுகை மிக மெல்லிதாகத் தடவினால் போதும். பாதி நரம்புகள் அறுந்து பாதி இறுக்கமாக இருக்கும் மட்டையை அப்படியே விடுவது ஆபத்து. இழுவிசை ஒருபக்கமாகி, சட்டம் கோணிவிடும். நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, நெடுக்கும் குறுக்குமாக மாற்றி மாற்றி வெட்டி எடுங்கள். ஆனால் மிகப் பழைய மட்டையில் மூல நரம்பு இருந்தால், குறிப்பாகத் தலையின் மேலும் கீழும் அலங்காரமாகப் பின்னிய மெல்லிய வண்ண நரம்பு இருந்தால், முதலில் படமெடுத்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டிய பிறகே கத்தரியை எடுங்கள். அந்தப் பின்னலை மறுபடி கட்டித் தரக்கூடியவர்கள் மிகக் குறைவு.

சுவரில் மாட்டுவதானால் வெயிலும் ஈரக்கசிவும் படாத சுவர் வேண்டும். மூலையில் சாய்த்து வைக்கவே கூடாது. மட்டை கோணாமல் இறுக்கிப் பிடிக்கும், நான்கு திருகுகள் உள்ள பழைய மர பிரஸ் கிடைத்தால் நல்லது. நான்கையும் சமமாக, மட்டை அசையாத அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். ஒரு மூலையை அதிகம் முடுக்கினால் கோணலைத் தடுக்க வந்த பிரஸே கோணலை உண்டாக்கிவிடும்.

கிரேமர் மட்டையைப் பற்றி நண்பர் சொன்னது சரியல்ல. ஜாக் கிரேமர் 1947இல் விம்பிள்டன் வென்றவர். அவர் பெயரில் வில்சன் வெளியிட்ட மட்டை பல பத்தாண்டுகள் லட்சக்கணக்கில் விற்றது. அதில் இருப்பது அச்சிட்ட கையெழுத்து. அவர் பேனா பிடித்துப் போட்டது அல்ல. விலை அதிகம் பெறாது. ஆனால் அதை மட்டமாக எண்ணிவிடாதீர்கள். அத்தனை பேர் அந்த ஒரு மட்டையில் ஆடக் கற்றார்கள் என்றால், ஒரு காலத்தின் சராசரிக் கை எப்படி வீசியது என்பதை அதைவிடத் தெளிவாக வேறெந்த மட்டையும் சொல்லாது.

ஆட முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். அதற்கு அந்தக் கிரேமர்தான் சரியான மட்டை என்பேன். அரிய மட்டையைத் தொடாதீர்கள். நிறையக் கிடைக்கும் ஒன்றை எடுத்து, தட்டையான மேசைமேல் வைத்து, கோணலால் தள்ளாடுகிறதா என்று பாருங்கள். கழுத்திலும் நரம்புத் துளைகளைச் சுற்றியும் விரிசல் இல்லையென்றால், மென்மையான நரம்பைக் குறைந்த இழுவிசையில் கட்டச் சொல்லுங்கள். இப்போதைய மட்டைக்குக் கட்டும் அளவில் கட்டினால் பழைய பசை தாங்காமல் போகலாம்.

முதல் பத்து நிமிடம் பந்து சட்டத்தில் படும், கை அதிரும். மர மட்டையின் தலைப் பரப்பு சுமார் 65 முதல் 70 சதுர அங்குலம்தான். எடையோ 370 கிராமுக்கு மேல். மணிக்கட்டால் கடைசி நொடியில் சமாளிக்க அது இடம் தராது. முன்கூட்டியே தோளைத் திருப்பி, நீளமாக வீசி, பந்தை நடுவில் சந்தித்தால் மட்டுமே அது உங்களுக்கு உடன்படும். பழைய ஆட்டப் படங்களில் வீரர்களின் அடிகள் ஏன் அவ்வளவு நீண்டு, சீராக இருக்கின்றன என்பது அப்போது கைக்கே புரிந்துவிடும். பியான் போர்க் இப்படிப்பட்ட ஒரு மட்டையில், டொன்னே நிறுவனத்தின் மர மட்டையில், நரம்புகளை 80 பவுண்டு அளவுக்கு இறுக்கிக் கட்டி, பந்தை அப்படிச் சுழலவிட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அவரே, ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, 1991இல் மாண்டி கார்லோ போட்டியில் மர மட்டையோடு திரும்பி வந்தபோது முதல் சுற்றிலேயே தோற்றார். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த பந்து அதற்குள் வேறு வேகத்தில் வரத் தொடங்கியிருந்தது.

அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்பதற்கான விடையின் தொடக்கம், நீங்கள் கொடுத்துவிட நினைக்கும் எஃகு மட்டையில் இருக்கிறது. மரத்தால் தலையை இன்னும் பெரிதாக்க முடியாது; நரம்புகளின் இழுவிசைக்குச் சட்டம் வளைந்துவிடும். 1920களின் வீரரான ரெனே லாகோஸ்ட் 1960களில் எஃகுக் குழாயால் ஒரு மட்டையை வடிவமைத்தார். அதைத்தான் வில்சன் 1967இல் டி2000 என்று விற்கத் தொடங்கியது. அதே ஆண்டு பில்லி ஜீன் கிங் அதைக் கொண்டு அமெரிக்கப் பட்டத்தை வென்றார். பின்னர் ஜிம்மி கானர்ஸ் அதைத் தன் கையின் நீட்சியாகவே ஆக்கிக்கொண்டார்; மற்றவர்கள் கைவிட்ட பிறகும் பல ஆண்டுகள் அவர் விடவில்லை. உலோகம் வந்ததும் கதவு திறந்துவிட்டது. ஆர்தர் ஆஷ் 1975இல் விம்பிள்டனை வென்றது அலுமினியத்தையும் கண்ணாடி இழையையும் சேர்த்துச் செய்த மட்டையால். 1976இல் மட்டை வடிவமைப்பாளர் ஹோவர்ட் ஹெட் 110 சதுர அங்குலத் தலையோடு பிரின்ஸ் மட்டையைக் கொண்டுவந்தார். 1978இல் பதினாறு வயது பாம் ஷ்ரைவர் அதை ஏந்தி அமெரிக்க ஓப்பன் இறுதிப் போட்டிவரை போனார். 1983இல் யானிக் நோவா பிரெஞ்சு ஓப்பனை வென்றதோடு ஆண்களின் பெரும் போட்டிகளில் மரத்தின் வெற்றிகள் முடிந்தன. உங்கள் மர மட்டைகள் ஏன் அந்த ஆண்டுகளோடு நின்றுபோகின்றன என்று யாராவது கேட்டால், காட்டுவதற்கு இந்த எஃகு மட்டை உங்களிடம் இருக்க வேண்டாமா?

அதை உற்றுப் பாருங்கள். நரம்புகள் சட்டத்தைத் துளைத்துப் போவதில்லை. சட்டத்தைச் சுற்றி ஓடும் ஒரு கம்பிச் சுருளின் வளையங்களில்தான் அவை கோத்திருக்கின்றன. பந்து பட்டதும் அது துள்ளிப் பாய்ந்ததற்கும், அதை அடக்கி ஆளக் கானர்ஸைப் போல ஒருவர் தேவைப்பட்டதற்கும் அந்தச் சுருளே பெரிய காரணம். நரம்பு கட்டுபவர்கள் அதைக் கண்டால் அலுத்துக்கொண்டதற்கும் அதுதான் காரணம். உங்களுடையதில் நரம்பு முழுதாக இருந்தால் கழற்றாதீர்கள். சுருளின் இடுக்குகளில் துரு இருக்கிறதா என்று பார்த்து, உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். தண்ணீர் பட வேண்டாம். சேகரிப்பில் இடம் போதவில்லை என்றால், ஒரே மாதிரியில் இரண்டு மர மட்டைகள் இருக்கிறதா என்று பார்த்து, ஒன்றை டென்னிஸ் பழகும் ஏதாவது ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள்.

அன்புடன்.